மரை தேய்ந்த துளைகள்

சங்கச் செய்யுளில் மரை என்பது மானினத்துள் ஒன்று. வன்னிக் காட்டிலும் அஃதே பொருள். மோட்டார்ப் பட்டறையிலோ ஆணியைச் சுற்றி ஏறும் புரிக்கு அப்பெயர். ஈண்டு நாம் பேசப் புகுந்தது பின்னதையே.

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் காணப்படும் பழைய கார்களுள் மொறிஸ் மைனர் ஒன்று. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலோடு ஒட்டப்பட்ட தகட்டுப் பெட்டிகளே சட்டகத்தின் வேலையைச் செய்கின்றன. கியர்ப்பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம் அவற்றிலே மரையாணிகளால் பிணைக்கப்பட்டுள்ளது. மெல்லிய தகட்டில் மரை வெட்டினால் நில்லாது. ஆகவே பெட்டியின் உட்புறத்தே நற்றுகளை ஒட்டிவைத்தனர். கண்ணுக்குப் புலப்படாத இந்நற்றுகளே பழுதுறுவன.

துரு ஒரு காரணம். அதனினும் கொடியது அளவு மாறாட்டம். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர். கடையில் எளிதிற் கிடைக்கும் 8 மில்லிமீற்றர் ஆணி ஏறக்குறைய அதே பருமன். கண்ணால் வேறுபாடு அறிதல் அரிது. ஆயினும் பழைய நுண்மரையில் அங்குலத்துக்கு 24 புரிகள். புதியதிலோ ஏறத்தாழ 20. இரண்டொரு சுற்று ஏறியபின் இறுகும். இறுகியதைப் பொருந்தியதாகக் கொண்டு மேலும் முறுக்கினால், மரை அறுந்துவிடும்.

அழுக்கும் துருவும் மாத்திரமாயின், எண்ணெயிட்டு உரிய அளவான மரைவெட்டியைச் செலுத்தினாற் போதும். தடித்த வார்ப்பு உலோகமாயின், துளையைப் பெருப்பித்து, புதுமரை வெட்டி, கம்பிச்சுருள் செருகலாம். இத்தகட்டிலும் சிறு நற்றிலும் அதற்குப் போதிய உலோகம் இல்லை. ஆணியிற் செப்புக்கம்பி சுற்றி இறுக்குவாரும் உளர். அது பழுதை மறைக்கும் தந்திரமேயன்றிப் பழுதுபார்த்தல் அன்று. ஓடும் வண்டியிற் குறுக்குச்சட்டம் கழன்றால் உள்ளிருப்போர் உயிருக்கே கேடு.

ஆகவே நற்று மரையிழந்தாலும், ஒட்டு விட்டுச் சுழன்றாலும், பெட்டியின் பக்கத்தே சிறு சாளரம் வெட்டிப் புதிய நற்றை ஒட்டுவதே தக்கது. பற்றரித் தொடுப்பைக் கழற்றி, எரிபொருட் குழாய்களை அகற்றிய பின்னரே தீயைத் தொடுதல் வேண்டும். நாகம் பூசிய நற்று ஆகாது. அதன் புகை நஞ்சு. நற்றினுள் எண்ணெய் தடவிய ஆணி ஒன்றை முடுக்கி வைத்தால், அது துளைக்கு நேரே நிற்கும். தீப்பொறி மரையிற் படியாது. ஒட்டு ஆறியதும் ஆணியைக் கழற்றி, வெட்டிய தகட்டால் சாளரத்தை அடைத்து, உள்ளே துருத்தடுப்பு மெழுகு பாய்ச்சுக.