ஓதம் ஏறிய சுவரும் ஓர் அருங்காட்சியகக் கனவும்

மழை விட்டுப் பல நாள் ஆன பிறகும் ஏற்காட்டுப் பழைய பங்களாக்களின் சுவரில் கை வைத்தால் ஈரம் சில்லென்று ஒட்டும். சேலத்துக்கு மேலே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி கூடம்வரை வந்து போகும் ஊர் இது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அவர் பெயரோடு பேசப்படும் கிரேஞ்ச் முதலாக, தோட்டக்காலத்து வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றாவது அருங்காட்சியகமாக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு முதலில் ஓதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சிமென்ட் வருவதற்கு முந்தைய கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகும். மிஞ்சுவதை நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகிவிடும். தடித்த சுவராக இருந்தால் உள்வரை இறுக ஆண்டுக்கணக்கில் ஆகும். கொத்தனார் கூலி வாங்கிப் போன பிறகும் சுவருக்குள் வேலை நடக்கிறது!

இந்தச் சாந்தின் நுண்துளைகள் வழியே உள்ளே புகுந்த ஈரம் வெளியேறிவிடும். மேலே சிமென்ட் பூசினால் வழி அடைபடும். ஈரத்தில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பெருக்கும். பூச்சு பொரிந்து உதிரும். பழுதுபார்ப்பு என்ற பெயரில் நம் ஊர்ப் பழைய வீடுகளுக்கு நடக்கும் பெரிய கெடுதல் இதுதான்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்று நிற்கிறது. ஊரிலிருந்து பிரித்தெடுத்து வந்து, மரபு தெரிந்த கைவினைஞர்களைக் கொண்டு மறுபடி எழுப்பியது. தூணும் கதவும் முற்றமுமே அங்கே காட்சிப்பொருள். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த சிறிய ஓட்டு வீட்டை, இருந்த இடத்திலேயே காப்பாற்றி 2003-ல் நினைவகமாக்கியது சாஸ்த்ரா பல்கலைக்கழகம்.

வீடு தேறினாலும் பார்வையாளர்கள் வருவார்களே! ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியை விடுகிறார். முப்பது பேர் ஒரு மணி நேரம் நின்றால் அறையின் காற்றில் ஒன்றரை லிட்டர் நீர் கூடுகிறது. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டியே கிடந்தால் தோட்டக் கணக்குப் புத்தகங்களிலும் பழைய படங்களிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஏற்காட்டின் பனிநாளில் ஜன்னலைத் திறந்து வைப்பதும் உதவாது. ஈரம் மட்டுமல்ல, வெளிச்சமும் கெடுக்கும். காகிதத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சமே போதும். நேர்வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வெளிறிய மையை மீட்கவும் முடியாது. ஆகவே குழுக்குழுவாக உள்ளே விடுவது, திரை போடுவது, மூலத்தைப் பெட்டியில் வைத்து நகலைக் காட்டுவது ஆகியவை அருங்காட்சியக நிர்வாகத்தின் அன்றாட வேலைகள்.

மலையில் பழைய வீடு வைத்திருப்பவர்களே, அடுத்த மழைக்கு முன் ஓட்டையும் தூம்பையும் ஒருமுறை பாருங்கள். பூச்சு உதிர்ந்தால் சிமென்ட் மூட்டைக்கு ஆள் அனுப்புமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.