பல ஊர்களுக்கு ஒரு பாடசாலை

ஒரு காலத்தில் நம் நாட்டில் உயர்தரமான ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் நகரத்தாருக்கும் கட்டணம் கட்ட வல்லவர்களுக்குமே கிடைத்தது. இதை மாற்றவே கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவினார். சுற்றியுள்ள பல ஊர்களுக்கு ஒரு பெரிய பாடசாலை; ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைக்கு அங்கே இடம். 1945 ஒக்டோபர் 1 முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம், கற்பிட்டிக் கரைக்கு வந்த குடும்பங்கள் காணியை இழந்தன. இந்த உரிமையை இழக்கவில்லை. ஆகவே, அருகிலுள்ள சிறு பாடசாலையில் மேல்வகுப்பு இல்லையென்று மகனை வெங்காயத் தோட்டத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். மகளை வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் சட்டம். அடுத்த ஊரின் பெரிய பாடசாலையில் இடம் கேளுங்கள். அது சலுகையன்று, உரிமை.