திருச்சுழிக்கு ஒயின் திராட்சை வேண்டாம்

‘நாசிக்கில் தோட்டத்திலேயே நுரை ஒயின் தயாரிக்கிறார்களாமே, நானும் திராட்சைப் பந்தல் போடலாமா?’ என்று திருச்சுழி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கடன் வாங்கும் முன் கேட்டாரே, அதுவரை நல்லது.

நாசிக்கில் ராஜீவ் சமந்த் தம் குடும்ப நிலத்தில் தொடங்கியதுதான் சூலா ஒயின். 2000-ல் விற்பனைக்கு வந்தது. நுரை ஒயினுக்கு செனின் பிளாங்க் போன்ற ரகங்களை, இனிப்பு முழுதாக ஏறும் முன்பே பறித்துவிடுவார்கள். சாறு ஒருமுறை நொதித்து ஒயினானதும், லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைப்பார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கும். வெளியேற வழியில்லாத கரியமில வாயுதான் அந்த நுரை. அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். சாதாரண பாட்டில் வெடித்துவிடும்.

இதற்குப் பழத்தில் புளிப்பு நிற்க வேண்டும். புளிப்பைக் காப்பது இரவுக் குளிர். நாசிக் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமக்கு மார்கழியில்கூட அந்தக் குளிர் கிடையாது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கும் மலையடிவாரமும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் இருக்கின்றன. அதுவும் பெரும்பாலும் சாப்பிடத்தான் போகிறது.

நம் கரிசலோ கோடையில் வெடிக்கும். போர் தண்ணீரில் உப்பு இருந்தால் திராட்சை இலை ஓரம் கருகும். விளைந்தாலும் வாங்க அருகில் ஆலை இல்லை. உரிமமின்றி நாமே ஒயின் தயாரிப்பது குற்றம்.

முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பழம்தான் வேண்டுமென்றால் நெல்லி, சீத்தா பற்றிப் பேசுவோம்.