‘தண்ணி வீணா கடலுக்குப் போகுதே!’ - தாமிரபரணி கடலைத் தொடாவிட்டால் என்ன ஆகும்?

விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டிய பாபநாசம் படித்துறையில் பொரியைத் தூவினால் போதும், மீன்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளும். அதே ஆற்று மீனைக் கொண்டுபோய்ப் புன்னைக்காயல் கடலில் விட்டால்? பிழைக்காது. இத்தனைக்கும் நடுவில் ஓடுவது ஒரே தாமிரபரணிதான். நீளம் சுமார் 128 கி.மீ.

வித்தியாசம் உப்பில்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நன்னீரில் அரை கிராம்கூட இருக்காது.

ஆற்று மீனின் உடம்பில், சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். அதனால் தண்ணீர் தானாக உள்ளே புகும்; மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடலில் கதை தலைகீழ். உப்பு போட்ட மாங்காய் தண்ணி விடுகிற மாதிரி, மீனின் உடம்பு நீரை இழக்கும். கடல் மீன்கள் கடல்நீரையே குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிச் சமாளிக்கின்றன. ஆற்று மீனுக்கு அந்த வித்தை தெரியாது.

இரண்டும் கலக்கும் இடம்

முகத்துவாரத்தில் இருப்பது உவர்நீர். மடவை, கொடுவா, அலையாத்தி மரங்கள் எல்லாம் இதற்குப் பழகியவை. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். ஆற்று நீர் வரத்து நின்றால் இந்தக் கலவை கெடும். கடல்நீர் ஆற்றுக்குள்ளேயே ஏறிவரும்.

நிலத்துக்கு அடியில்

நன்னீர் லேசானது, கனமான உப்புநீரின் மேல் மிதக்கும். கடலோர நிலத்தடியிலும் அப்படித்தான். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. அந்த ஒரு அடி குறைந்தால்? உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலே வரும்.

திருச்செந்தூர், உடன்குடி பக்கம் கிணறுகள் உப்பானது இப்படித்தான். போர்வெல்லில் இறைப்பது கூடி, ஊறும் நீர் குறைந்தால் கடல் உள்ளே வரும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் குளங்களும் நிரம்பினால், ஊறும் நன்னீர் அதைத் தள்ளி நிறுத்தும்.

அப்போ, வீணா?

வெள்ளக் காலத்து உபரியைக் குளங்களில் தேக்குவது அவசியம். ஆனால், ‘ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக் கூடாது’ என்பது வேறு. கடலை அதன் எல்லையில் நிறுத்திவைப்பதும் ஆற்றின் வேலைதான். உப்பான கிணறு மறுபடி இனிக்க, பல ஆண்டு மழை வேண்டும்.