வாகனமோட்டிகளும் இதய நோயும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை வளைவுகள் நிறைந்தது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டப் பாதைகளும் அத்தகையனவே. அங்குக் கொழுந்து ஏற்றிய லோரியை ஓட்டுபவரின் கண்ணும் கையும் ஓய்வதில்லை. ஆனால், உடலோ மணிக்கணக்கில் இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறது. சரிவில் ஏறியிறங்கிக் கொழுந்தெடுப்பவருக்கும், ரப்பர் தோட்டத்தில் நிரை நிரையாக நடந்து பால் வெட்டுபவருக்கும் கிடைக்கும் உடலுழைப்பு அவருக்குக் கிடைப்பதில்லை.

இதனால் விளையும் தீங்கு யாது? லண்டன் மாநகரின் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெர்ரி மோரிஸ், 1953ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். அங்கு ஓடியவை இரண்டு அடுக்குப் பேருந்துகள். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறியிறங்கினார். நடத்துநர்களைவிட ஓட்டுநர்களையே மாரடைப்பு மிகுதியாகத் தாக்கியது. பருத்த உடலினர் ஓட்டுநராகச் சேர்வதே காரணமோ என்ற ஐயமும் எழுந்தது. சீருடைகளின் இடுப்பளவை ஒப்பிட்டபோது, மெலிந்தவர்களிடையேயும் ஓட்டுநர்களுக்கே இடர் மிகுந்திருந்தது.

இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்தால், அதுவே மாரடைப்பு. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவை இதனை விரைவுபடுத்துகின்றன. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தமும், ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவும் இருந்தன. இவை பெரும்பாலும் அறிகுறியின்றியே வளர்வன. தூக்கத்தை விரட்டப் புகைக்கும் சிகரெட்டும், கெட்டிப்பால் கலந்த இனிப்புத் தேநீரும், நேரந்தவறிய உணவும், குறைந்த உறக்கமும் ஓட்டுநரின் இடரைப் பெருக்குகின்றன.

அன்பர்களே, காத்துக்கொள்ளும் வழி கடினமானதன்று. சரக்கு ஏற்றி இறக்கும் வேளையில் இருக்கையை விட்டு இறங்கி நடங்கள். புகைப்பதை அறவே விடுங்கள். தேநீரில் இனிப்பையும், உணவில் உப்பையும் குறையுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். அங்கு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்தறியுங்கள். மருத்துவர் தரும் மாத்திரையை, உடல் நலமாகத் தோன்றினாலும், தாமாக நிறுத்தலாகாது.

நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வேதனை, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை எச்சரிக்கைகள். "வெறும் வாயுதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு மலையிறங்க முனையாதீர்கள். உடனே வாகனத்தை ஓரமாக நிறுத்தி, 999 எண்ணை அழையுங்கள். அந்த வளைவில் உங்கள் உயிர் மட்டுமன்று, உங்களை நம்பி வருவோர் உயிரும் எதிரே வருவோர் உயிரும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.