தழுவலா, திருட்டா?

நம் சங்கங்களில் நாடகப் போட்டியோ கோலப் போட்டியோ நடந்தால் போதும், பரிசு அறிவித்த மறுநாளே ஒரு குரல் எழும்: "அது என் ஐடியா ஸார், அப்படியே சுட்டுவிட்டார்!" யார் பக்கம் நியாயம் என்று என்னிடமும் சிலர் கேட்பதுண்டு. நான் வக்கீல் அல்ல. துணிகளுக்கு டிசைன் வரைந்து பிழைத்தவன். ஆனால் இந்தக் கேள்விக்கு சுப்ரீம் கோர்ட் 1978-லேயே பதில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு பிறந்தது நம் தில்லியில். அதுவும் ஒரு 'மதராஸி' குடும்பத்தின் கதையால்!

ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் 1953-இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதினார். அண்டை வீட்டுக்காரர்களான பஞ்சாபி, தமிழ்க் குடும்பங்கள். ஒரு வீட்டுப் பையனுக்கும் மற்ற வீட்டுப் பெண்ணுக்கும் காதல். குறுக்கே நிற்பது பெற்றோரின் மாநிலப் பற்று. 1954-இல் வேவல் தியேட்டரில் மேடையேறி நல்ல பெயர் வாங்கியது. சினிமா டைரக்டர் மோகன் செகல் ஆர்வம் காட்டவே, ஆனந்த் நாடகத்தை அவருக்கு வாசித்தே காட்டினார். அதன் பிறகு அங்கிருந்து பேச்சில்லை. 1956-இல் 'நியூ டில்லி' படம் வந்தது. கிஷோர் குமார் பஞ்சாபி இளைஞர், வைஜயந்திமாலா தமிழ்ப்பெண். கேட்கவேண்டுமா? ஆனந்த் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க்கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் மூன்றிலும் தோற்றார்.

கருத்து, கரு, கதைப்போக்கு ஆகியவை யாருக்கும் சொந்தமல்ல; அவற்றுக்கு ஒருவர் தந்த உருவமும் சொல்லிய முறையுமே அவருடையவை என்றது தீர்ப்பு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல்தான் என்ற எண்ணம் சந்தேகமின்றி ஏற்படவேண்டும். படத்திலோ, வேற்று மாநிலத்தானுக்கு வீடு தர மறுப்பது, அதனால் நாயகன் தமிழனாக வேஷம் போடுவது, வரதட்சணைக் கொடுமை என்று நாடகத்தில் இல்லாதவை நிறைய இருந்தன.

கொள்கை சரிதான். இல்லாவிட்டால் மாநிலம் விட்டு மாநிலம் காதலிக்கும் கதையை இரண்டாவது ஆள் எழுதவே முடியாது. ஆனாலும் ஆனந்துக்கு நேர்ந்தது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் படத்தில் ஒரு வரி நன்றி போட்டிருக்கலாமே! நீதிபதி பாடக்கூட, கீழ்க்கோர்ட்டுகள் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதால் தலையிடத் தயங்குவதாகத் தனியே எழுதிவைத்தார்.

நமக்கு இது புதிதல்ல. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூலார் அன்றே பிரித்துவிட்டார். கம்பன் பாடியது வழிநூல்தான். வான்மீகியின் பெயரைச் சொல்லிவிட்டே பாடினான். ஈயடிச்சான் காப்பி என்று அவனை யாரும் சொன்னதில்லை.

டிசைன் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். புள்ளிக் கோலம் பொதுச்சொத்து. அதை ஒட்டி நீங்கள் புதிதாக வரைந்த படம் உங்களுடையது. ஆனால் பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல், துணியில் அச்சடித்து ஐம்பது பிரதிகளுக்கு மேல் போட்டுவிட்டால், காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி அந்த டிசைனில் உங்கள் காப்புரிமை தீர்ந்துபோகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கோலத்தை வைத்து அழகான படுக்கை விரிப்பு ஒன்று போட்டாள். கண்காட்சியில் நூறு விரிப்புகள் விற்றன. இரண்டே மாதத்தில் ஒரு கடையில் அதே விரிப்பு, அதே நிறம், பாதி விலை! "வரைந்தது நான்தானே, அங்கிள்?" என்று கண் கலங்கினாள். உண்மைதான், ஆனால் கையில் காகிதம் இல்லை.

2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிவு செய்தால் பத்து ஆண்டுகள் பாதுகாப்பு. பிறகு ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் டிசைன் வெளியே தெரிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். கடைக்குப் போனபின் போனால் 'புதியதல்ல' என்று தள்ளிவிடுவார்கள். அடுத்த விரிப்புக்கு அவள் முதலில் கொல்கத்தா டிசைன் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். அதன் பிறகே அச்சுப் பட்டறைக்குப் போனாள்.