விக்கிபீடியாவில் தடையா? விலக்கு கேளுங்கள்

விக்கிபீடியாவில் ஒரு பிழையைத் திருத்த முயல்கிறீர்கள். 'உங்கள் ஐ.பி. முகவரி தடை செய்யப்பட்டுள்ளது' என்று செய்தி வருகிறது. பயப்பட வேண்டாம். நீங்கள் டார் நெட்வொர்க் வழியாக வந்ததுதான் காரணம். டாரில் உங்கள் முகவரி மறைந்து, கடைசியாக உள்ள கணினியின் முகவரியே தெரியும். அதே முகவரியில் கட்டுரைகளைக் கெடுப்பவர்களும் வருவதால் மொத்தமாகப் பூட்டிவிடுகிறார்கள். படிக்கத் தடையில்லை.

டாரை மூடிவிட்டு வழக்கமான இணைப்பில் வந்தாலே பெரும்பாலும் போதும். சீனாவில் இருப்பவர் என்ன செய்வார்? அங்கு 2019 முதல் எல்லா மொழி விக்கிபீடியாவுக்கும் அரசின் தடை! இத்தகையவர்களுக்காகவே 'ஐ.பி. தடை விலக்கு' என்ற உரிமை உள்ளது. இதற்குப் பயனர் கணக்கு அவசியம். ஆங்கில விக்கிபீடியாவில் யு.டி.ஆர்.எஸ். என்ற தனி அமைப்பில் மேல்முறையீடு செய்யலாம். ப்ராக்ஸி ஏன் தேவை என்பதை விளக்குங்கள். 'நான் தவறு செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். அது அவர்களுக்கே தெரியும்.